தண்ணீர் தெற்கே திரும்பிய வாரம்

என் கணவருக்குக் கடலில் பாட்டில் போடும் வேலை. எழுபதுகளின் நடுவில், எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம், இதை ஊரில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். வல்லக்கோட்டைக்கும் ஒரகடத்துக்கும் நடுவில், ஏரித் தண்ணீரை நம்பி நெல் போட்ட ஊர் எங்களுடையது. இன்று கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகும் அந்தச் சாலையில் அப்போது ஒரு நாளைக்கு நாலைந்து பஸ் வந்தால் அதிகம். கடல் கிழக்கே எங்கேயோ இருக்கிறது, அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

"பாட்டிலா? உள்ளாற இன்னா கீது?" என்று கேட்பார்கள்.

உள்ளே ஒரு தபால் கார்டு இருக்கும். மீன்களைப் பற்றியும் கடலைப் பற்றியும் ஆராய்ச்சி செய்கிற ஓர் ஆபீஸ், மகாபலிபுரத்தை ஒட்டிய ஒரு குப்பத்தில் ஷெட் போட்டு வேலை செய்துகொண்டிருந்தது. அதில் இவருக்குத் தற்காலிக வேலை. வாரத்தில் ஒரு நாள் கட்டுமரத்தில் கரை தெரிகிற தூரம் வரை போய், மெழுகு வைத்து அடைத்த பாட்டில்களைத் தண்ணீரில் விட்டுவிட்டு வர வேண்டும். கரை ஒதுங்கிய பாட்டிலை எடுப்பவர்கள் கார்டில் ஊர்ப் பெயரும் தேதியும் எழுதித் தபாலில் போடுவார்கள். எந்தக் காற்று அடிக்கும் மாதத்தில் கடல் தண்ணீர் எந்தப் பக்கம் நடக்கிறது என்பதை அதை வைத்துக் கண்டுபிடிப்பார்களாம்.

வந்த கார்டுகளை ஒரு பெரிய நோட்டில் ஏற்ற வேண்டும். இவர் எட்டாவதோடு நின்றவர். எழுத்து கோணல்மாணலாக இருக்கும். நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். அதனால், வாரம் முழுக்க ஷெட்டிலேயே தங்குகிறவர் சனிக்கிழமை வீட்டுக்கு வரும்போது நோட்டையும் கார்டுகளையும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்த பிறகு நான் உட்கார்ந்து எழுதுவேன். இது ஆபீசருக்குத் தெரியாது. "கையெழுத்து நல்லா திருந்திகீதுன்னு ஆபீசர் சொன்னாரு" என்று ஒரு நாள் இவர் வந்து சொல்லிச் சிரித்தார்.

எழுதி எழுதி எனக்கே கடல் கொஞ்சம் பிடிபட்டது. தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் காற்று அடிக்கும் மாதங்களில் விட்ட பாட்டில்கள் கோவளம், திருவான்மியூர், பட்டினப்பாக்கம் என்று வடக்கே போய் ஒதுங்கும். வடக்கேயிருந்து வாடைக்காற்று வந்துவிட்டால் சதுரங்கப்பட்டினம், மரக்காணம் என்று தெற்கே போகும். அடுத்த கார்டு எந்த ஊரிலிருந்து வரும் என்று படிக்காமலே சொல்லிவிடலாம் என்ற எண்ணம் வந்துவிட்டது எனக்கு. அந்த எண்ணம்தான் கெடுத்தது.

அதுவரை ஒரே ஒரு முறைதான் கடலைப் பார்த்திருந்தேன். ஆடி மாதத்தில் இவர் கூட்டிப்போனார். வெயிலில் மணல் சுட்டது. அலையில் கால் வைத்தேன், கிணற்றுத் தண்ணீரைவிடச் சில்லென்று இருந்தது. பயந்து காலை எடுத்துவிட்டேன். "மேக்கத்திக் காத்து மேல இருக்கிற தண்ணிய உள்ள தள்ளிக்கினு போயிடும். அந்த எடத்துக்கு அடியில இருக்கிற ஜில்லு தண்ணி மேல வரும். எங்க ஆபீசர் சொன்னாரு" என்றார். அவர் அதை ரசித்துச் சொன்னார். நானோ, கண்ணுக்குத் தெரியாமல் அத்தனை பெரிய தண்ணீர் கீழிருந்து மேலே வருகிறது என்பதைக் கேட்டு அலையை விட்டு இன்னும் தள்ளிப் போய் நின்றேன். இவர் கட்டுமரத்தில் போகும் நாட்களில் அந்தச் சில்லிப்பு என் கால்களில் ஏறுவதுபோல இருக்கும்.

புரட்டாசி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எட்டு மாதக் குழந்தை காய்ச்சலோடு மடியில் கிடந்தாள். அன்று ஏற்ற வேண்டிய கார்டுகளில் ஒன்று ஈரத்தில் ஊறிப்போயிருந்தது. தேதி தெரிந்தது. ஊர்ப் பெயரில் முன்னும் பின்னும் மை கரைந்து, நடுவில் 'பட்டின' என்ற எழுத்துகள்தான் மிச்சம். தபால் முத்திரையும் பாதிதான் விழுந்திருந்தது. அதை விளக்கடியில் பிடித்துப் பார்த்திருக்கலாம். குழந்தை சிணுங்கிக்கொண்டே இருந்தாள். மூன்று மாதமாக எல்லாக் கார்டும் வடக்கேயிருந்துதான் வந்துகொண்டிருந்தது. பட்டினப்பாக்கம் என்று எழுதிவிட்டேன். கார்டு காயட்டும் என்று பைபிளுக்குள் வைத்தேன். திங்கட்கிழமை விடியற்காலையில் இவர் நோட்டை எடுத்துக்கொண்டு போனபோது அந்தக் கார்டு ஞாபகத்துக்கு வரவில்லை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். ஆபீஸ் பியூன் எங்கள் வாசலில் வந்து நின்றார். ஒரு முறை இவரோடு வீட்டுக்கு வந்திருக்கிறார், எனக்குத் தெரியும். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"நேத்து காலைல போன மரம், இன்னும் கரைக்கு வரலம்மா" என்றார்.

"யாரு யாரு போனாங்க?"

"நம்மாளு. அப்புறம் மரத்துக்காரங்க ரெண்டு பேரு, அண்ணனும் தம்பியும். காலைல காத்து திடீர்னு தூக்கிக்கிச்சு. பட்டணத்துலேந்து மோட்டார் லாஞ்ச் வந்துகீது. கோவளம் பக்கம் தேடிக்கினு கீறாங்க."

"கோவளம் பக்கம் ஏன்?"

"நோட்டுல பாத்தாரும்மா ஆபீசர். கடைசியா வந்த கார்டு கூட பட்டினப்பாக்கம்னு போட்டுகீது. காத்து எப்படி அடிச்சாலும் தண்ணி வடக்கதான் போவுதுன்னு சொல்லிட்டாரு."

 பியூன் அதற்கப்புறம் என்ன சொன்னார் என்று தெரியாது. உள்ளே போய் பைபிளை எடுத்தேன். கார்டு சங்கீதப் பக்கங்களுக்கு நடுவில் காய்ந்து விறைத்திருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். முத்திரையில் ஆங்கிலத்தில் 'கல்ப' வரைக்கும் எழுத்துகள் தெரிந்தன. கல்பாக்கம் தெற்கே இருக்கிறது. அதை ஒட்டித்தான் சதுரங்கப்பட்டினம்.

இடுப்பிலிருந்த குழந்தையை மாமியார் வாங்கிக்கொண்டார். "காத்துல கொழந்தய கூட்டிக்கினு போவாதே. நான் பாத்துக்கறேன், நீ போ" என்றார். கார்டை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு பியூனோடு கிளம்பினேன்.

ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில், அங்கிருந்து செங்கல்பட்டு, அப்புறம் மகாபலிபுரம் பஸ். பியூன் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். திருக்கழுக்குன்றம் தாண்டும்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "இன்னாம்மா, தண்ணி வோணுமா?" என்று திரும்பினார். வேண்டாம் என்றேன். சொன்னால் இவர் வேலை போய்விடும். அரசாங்க நோட்டில் வெளி ஆள் எழுதியது தெரிந்தால் அதோடு நிற்குமா, போலீஸ் வரைக்கும் போகுமா என்று எனக்குத் தெரியாது. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். ஜன்னலில் காற்று வந்துகொண்டே இருந்தது. காலை வரை எங்கள் ஊரில் தெற்குக் காற்று போலத்தான் இருந்தது. கடலை நெருங்க நெருங்க அது இடது பக்கத்திலிருந்து, வடக்கேயிருந்து அடித்தது.

மூன்று மணிக்குக் குப்பத்தில் இறங்கினோம். மணல் முழுக்க ஆட்கள் நின்றார்கள். ஆடியில் நான் பார்த்த கடல் அது இல்லை. பச்சைத் தண்ணீர் போய், செம்மண் கரைத்துவிட்ட மாதிரி கலங்கிக் கிடந்தது. அலைகள் நேராக வரவில்லை. சாய்ந்து வந்து சாய்ந்தே உடைந்தன. ஆபீசர் ஷெட்டு வாசலில் ஒரு வரைபடத்தை நாற்காலியில் விரித்து, பறக்காமல் கல் வைத்திருந்தார். பக்கத்தில் அந்த நோட்டு. என்னைப் பார்த்ததும் எழுந்து, "கவலைப்படாதீங்கம்மா. லாஞ்ச் தேடிக்கிட்டிருக்கு. கிடைச்சுடுவாங்க" என்றார். நல்ல மனிதர். முந்தின இரவு முழுக்கத் தூங்காத கண்கள். கார்டு என் மார்பில் குத்தியது. நான் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்து போய் மணலில் உட்கார்ந்தேன்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மரத்துக்கார அண்ணன் தம்பியில் பெரியவரின் மனைவி. நாற்பது வயதிருக்கும். அழவில்லை. கடலைப் பார்க்காமல் ஷெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ பாட்டில்காரர் வூட்டுக்காரியாமே?"

"ஆமாங்க."

"தெக்க போய்கீறாங்க மூணு பேரும். எங்க ஆளுங்க விடிகாலைலேந்து சொல்லிக்கினு கீறாங்க. நாலு மரம் தெக்க இறங்கிப் பாத்துச்சு, இந்த அலையில முடியாம திரும்பிடுச்சு. லாஞ்சுன்னா இந்த அலையத் தாண்டிப் போயிடும். அந்தாளு ஒத்துக்க மாட்டேன்றாரு. நோட்டுல வடக்கன்னு எழுதிகீதாம்."

நான் மணலைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

"நாங்க படிக்கலதான். அதுக்காக தண்ணி போற பக்கம் தெரியாதா எங்களுக்கு?"

எனக்குப் பால் கட்டிக்கொண்டு நெஞ்சு வலித்தது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன். குழந்தை ஞாபகம், இவர் ஞாபகம், ஜாக்கெட்டுக்குள் அந்தக் கார்டு. எழுந்து நாற்பது தப்படி நடந்தால் ஷெட். அந்த நாற்பது தப்படியை என்னால் நடக்க முடியவில்லை. ஒருவேளை அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் கடல் தெரியும், தானாகவே கரை சேர்ந்துவிடுவார்கள். ஒருவேளை லாஞ்சே கண்டுபிடித்துவிடும். இப்படி ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெயில் இறங்கிக்கொண்டே வந்தது.

அந்தம்மா திடீரென்று என் கையைப் பிடித்து எழுப்பினார். அலை வரை இழுத்துப் போனார். 

"தொட்டுப் பாரு."

குனிந்து தொட்டேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

"போன மாசம் வரிக்கும் ஜில்லுனு கெடந்துச்சு. இப்ப பாரு. வாய்ல வச்சுப் பாரு, உப்புகூட கம்மி. வடக்க எங்கியோ ஆத்துத் தண்ணி கலந்து வர்ற தண்ணி இது. வாடைத் தண்ணி. பத்து நாளுக்கு மேலயே இப்படித்தான் கீது. இது எங்க போவும், வடக்கயா?"

விரலை நாக்கில் வைத்தேன். ஆடியில் என் காலைச் சுருக்கிய அந்தத் தண்ணீர் இது இல்லை என்று எனக்கே தெரிந்தது. நோட்டில் நான் எழுதியது பொய் என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. நேராக ஷெட்டுக்குப் போனேன். அந்தம்மா பின்னாலேயே வந்தார்.

"ஐயா" என்றேன். அவர் வரைபடத்திலிருந்து நிமிரவில்லை. மறுபடியும், "ஐயா, அந்தக் கடைசிக் கார்டு பட்டினப்பாக்கம் இல்லீங்க."

ஆபீசர் நிமிர்ந்தார். "எந்தக் கார்டு?"

கார்டை எடுத்து நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பெட்ரோமாக்ஸ் விளக்கை ஏற்றச் சொல்லி, அதனருகில் கொண்டுபோய் முத்திரையைப் பார்த்தார்.

"இது எப்படி உங்ககிட்ட?"

"நோட்டுல எழுதறது நான்தாங்க. அவரு வூட்டுக்கு எடுத்துக்கினு வருவாரு. எழுத்து அழிஞ்சிருந்துச்சு, நானா வடக்கன்னு நெனச்சு எழுதிட்டேன்."

"எல்லாப் பக்கமும் நீங்க எழுதினதா?"

"எல்லாந்தாங்க."

அவர் கார்டை நோட்டின்மேல் வைத்தார். "இது மேல தெரிஞ்சா உங்க வீட்டுக்காரருக்கு வேலை இருக்காதும்மா. தெரியுமா?"

"தெரியுங்க. ஆளு வந்தா போதுங்க."

அவர் நோட்டைப் பிரித்து, கார்டில் இருந்த நம்பரையும் பாட்டில் விட்ட தேதியையும் சரிபார்த்தார். பத்து நாளைக்குமுன் விட்டது. பிறகு அந்தம்மாவைப் பார்த்து, "உங்க ஆளுங்கள்ல தெற்குப் பக்கம் நல்லாத் தெரிஞ்சவர் ஒருத்தரை ஜீப்ல ஏறச் சொல்லுங்க" என்றார். அந்தம்மா திரும்பி ஆளைக் கூப்பிடப் போனார். ஜீப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனது. அங்கிருந்து போனில் துறைமுகத்துக்குச் சொல்லி, அவர்கள் லாஞ்சுக்கு ஒயர்லெஸ்ஸில் சொல்ல வேண்டும். மணி ஆறுக்கு மேல் ஆகிவிட்டது. இருட்டில் தேட முடியாது, விடிந்ததும் பாலாறு வரை போய்ப் பார்ப்பார்கள் என்று திரும்பி வந்து சொன்னார்கள்.

நானும் அந்தம்மாவும் அவர் குடிசையில் இருந்தோம். காற்று கூரையைப் பிய்த்தது. எனக்கு ஜெபம் வரவில்லை. ஒரு வரி சொல்வேன், அடுத்த வரி மறந்துவிடும்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஜீப் வந்தது. டிரைவர் இறங்கும்போதே மூன்று விரலைக் காட்டினார். மூன்று பேரும் உயிரோடு இருக்கிறார்கள் என்பதற்கா, இல்லை வேறு எதற்கோ என்று புரியாமல் நான் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். அந்தம்மாதான் ஓடிப்போய்க் கேட்டார். பாலாறு கடலில் சேருகிற இடத்தையும் தாண்டி மரம் மிதந்துகொண்டிருந்ததாம். லாஞ்ச் பார்த்து ஏற்றிக்கொண்டதாம்.

ஆஸ்பத்திரியில்தான் இவரைப் பார்த்தேன். உதடு வெடித்து, முகத்தில் தோல் உரிந்திருந்தது. என்னைப் பார்த்துப் பேச முயன்றார், சத்தம் வரவில்லை. அடுத்த நாள்தான் பேசினார். வியாழக்கிழமை காலை பாதிப் பாட்டில்களை விட்டு முடித்தபோது, வடக்கேயிருந்து காற்று ஒரே அடியாக வந்ததாம். பாய் கட்டிய கொம்பு முறிந்து பெரியவரின் தோளில் விழுந்தது. துடுப்பு ஒன்று தண்ணீரில் போய்விட்டது. மிச்சமிருந்ததை வைத்துக்கொண்டு தம்பி ஒருவராகவே வலித்தார். கரைப் பக்கம் ஒரு முழம் நகர்ந்தால் தெற்கே ஒரு பர்லாங்கு போனார்கள். கலங்கரை விளக்கம் முதல்நாள் சாயங்காலம் வடக்கே தெரிந்தது, அப்புறம் அதுவும் இல்லை. பெரியவரைக் கயிற்றால் மரத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். மழை பெய்தபோது பாயைப் பிழிந்து குடித்தார்கள்.

"எனக்கு பயமில்லாம இல்ல" என்றார். "ஆனா ஒரு தைரியம் இருந்துச்சு. போன வாரம் சதுரங்கப்பட்டினத்துலேந்து ஒரு கார்டு வந்துச்சுல்ல, ஈரமா? அது எந்த ஊருன்னு தபால்காரர் எங்கிட்ட சொன்னாரு. அது நோட்டுல ஏறியிருக்கும், ஆபீசர் அதப் பாத்துட்டு தெக்க வருவாருன்னு இவங்ககிட்ட சொல்லிக்கினே இருந்தேன்."

நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது எதுவும் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து, வீட்டில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சட்டை மாட்டிக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் போனார். பொழுது சாயும்போது திரும்பி வந்தார். "நான் அது எந்த ஊர்னு உங்கிட்ட சொல்லிட்டுக் குடுத்திருக்கணும்" என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சு எங்களுக்குள் வரவில்லை.

ஆபீசர் யாருக்கும் எழுதவில்லை. நான் எழுதியதை அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதச் சொல்லி நோட்டை அனுப்பினார். எழுதினேன். அந்த வரி மட்டும் கோணலாகத்தான் விழுந்தது. அடுத்த வருஷம் அந்த வேலை முடிந்து ஷெட்டைப் பிரித்துவிட்டார்கள். இவர் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு அரிசி மண்டியில் சேர்ந்தார். கடலுக்குப் போகவில்லை. போகட்டுமா என்று கேட்கவும் இல்லை.

பெரியவரின் தோள் எலும்பு சேர்ந்தது. கை தோளுக்குமேல் தூக்க வரவில்லை. துடுப்புப் போட முடியாது. இதைக் கேள்விப்பட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கே சொல்லியிருந்தால் வெளிச்சம் இருக்கும்போதே லாஞ்ச் தெற்கே திரும்பியிருக்கும். இன்னொரு இரவு அவர் அந்தத் தோளோடு தண்ணீரில் கிடந்திருக்க வேண்டாம்.

தை மாதம் புது அரிசி கொஞ்சம் எடுத்துக்கொண்டு நான் மட்டும் குப்பத்துக்குப் போனேன். பெரியவர் வாசலில் ஒரு கையால் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். அந்தம்மா என்னை உள்ளே உட்கார வைத்தார். காரணத்தைச் சொன்னேன். கார்டு காலையிலிருந்தே என்னிடம் இருந்ததையும், வந்து உட்கார்ந்த பிறகும் மூன்று மணி நேரம் சும்மா இருந்ததையும் சொன்னேன். திட்டுவார், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போயிருந்தேன்.

அந்தம்மா அரிசியை முறத்தில் கொட்டி, கையால் பரப்பிக்கொண்டே கேட்டார்.

"நீ மூணு மணி நேரம். எங்க ஆளுங்க விடிகாலைலேந்து சொன்னாங்களே, அந்த மணிக்கெல்லாம் யாரு வந்து பதில் சொல்றது?"

 அவர் உலை வைத்தார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். நான் சாப்பிட்டேன். வெளியே கடல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசி பஸ்ஸுக்கு முன்னால் கிளம்ப வேண்டும் என்று எழுந்தபோது, பெரியவர் வலையிலிருந்து நிமிராமல் "பாத்துப் போம்மா" என்றார்.